எடி கிளியர்வாட்டர்: கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்த இடது கை புளூஸ் கலைஞரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடி கிளியர்வாட்டர் யார்?

சிக்காகோ நகரின் புளூஸ் இசையில், அதாவது கறுப்பின அமெரிக்கர்களிடையே பிறந்த துயர இசையில், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிய கறுப்பின அமெரிக்கப் பாடகர், கிட்டார் கலைஞர், பாடலாசிரியர். 1935 ஜனவரி 10-ஆம் தேதி மிசிசிப்பி மாநிலத்தின் மேக்கன் என்ற சிற்றூரில் பிறந்தார். 2018 ஜூன் 1-ஆம் தேதி, சிக்காகோவை ஒட்டிய ஸ்கோக்கியில், 83-ஆம் வயதில் மறைந்தார். வலது கைக்காரர்களுக்கெனத் தந்தி கட்டிய கிட்டாரை அப்படியே கவிழ்த்து இடது கையால் மீட்டியவர் என்பதும், இறகுகள் அடுக்கிய பெரிய தலையணியை அணிந்து மேடையேறியவர் என்பதும் அவரைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்லும் இரண்டு செய்திகள். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த இரண்டோடு பேச்சை முடித்துக்கொள்பவர்கள் அவருடைய வாசிப்பைச் செவி கொடுத்துக் கேட்காமலேயே போய்விடுகிறார்கள் என்பது எனது நெடுநாள் ஆதங்கம். இந்தப் பக்கத்தை எழுத முனைந்ததற்கும் அதுவே காரணம்.

கிளியர்வாட்டர் என்பது அவருடைய இயற்பெயரா?

இல்லை. அவருடைய இயற்பெயர் எட்வர்ட் ஹாரிங்டன். சிக்காகோவில் வாசிக்கத் தொடங்கிய காலத்தில் கிட்டார் எடி என்ற பெயரில் அறியப்பட்டார். அந்நாட்களில் நகரத்து புளூஸின் முடிசூடா மன்னராக விளங்கியவர் மடி வாட்டர்ஸ். அந்தப் பெயருக்குக் கலங்கிய நீர் என்று பொருள். ஜம்ப் ஜாக்ஸன் என்ற டிரம்ஸ் கலைஞர், கச்சேரிகளை ஏற்பாடு செய்து கொடுப்பவராகவும் இருந்தவர், இந்த இளைஞருக்குக் 'கிளியர் வாட்டர்ஸ்', அதாவது தெளிந்த நீர், என்று எதிர்ப்பெயர் சூட்டினார். விளம்பரத் தட்டியில் அந்தப் பெயரைப் பார்ப்பவர் ஒரு கணம் நின்று பார்ப்பார் என்பதே கணக்கு. பிறகு அது எடி கிளியர்வாட்டர் என்று நிலைபெற்றது. விளையாட்டாக வைத்த பெயர்தான் என்றாலும் ஒரு வகையில் அவருக்குப் பொருந்தியே விட்டது: அவருடைய கிட்டார் ஒலி அடர்ந்து கலங்கியதன்று, ஒவ்வொரு சுரமும் தனித்தனியே கேட்கும் துலக்கமான ஒலி.

மிசிசிப்பியிலிருந்து சிக்காகோவுக்கு எப்படி வந்தார்?

இருபதாம் நூற்றாண்டின் முதல் எழுபது ஆண்டுகளில், தென்மாநிலங்களின் இனஒதுக்கல் சட்டங்களிலிருந்தும் பருத்திக் காட்டுக் கூலி வாழ்க்கையிலிருந்தும் தப்பி, சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்கேயும் மேற்கேயும் இருந்த தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஹாரிங்டன் குடும்பத்தின் கதையும் அந்தப் பெரும் பெயர்ச்சியின் ஓர் இழைதான். புளூஸ் வரலாற்றில் அடிக்கடி பேசப்படும் மிசிசிப்பி டெல்டா அந்த மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் உள்ளது. மேக்கனோ கிழக்கே, அலபாமா எல்லைக்கு அருகே இருக்கிறது. எடியின் குடும்பம் 1948-இல் அலபாமாவின் எஃகு நகரமான பர்மிங்காமுக்கு இடம் மாறியது. அங்கேதான் அவர் யாரிடமும் பாடம் கேட்காமல் தாமாகவே கிட்டார் பழகி, தேவாலயங்களில் காஸ்பல் என்ற பக்திப் பாடல் குழுக்களுக்கு வாசித்தார். பார்வையற்ற பாடகர்களின் புகழ்பெற்ற குழுவான 'ஃபைவ் பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா' அவற்றுள் ஒன்று.

1950-இல், பதினைந்து வயதில், சிக்காகோ வந்து சேர்ந்தார். உறவினரான ஹூஸ்டன் ஹாரிங்டன் என்ற பாதிரியார் அங்கே அவருக்குத் துணையாக இருந்தார். பகலில் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை, மற்ற நேரத்தில் காஸ்பல் என்று தொடங்கிய வாழ்க்கை, சில ஆண்டுகளில் இரவு விடுதிகளின் புளூஸ் பக்கம் சாய்ந்தது. தேவாலய இசையிலிருந்து விடுதி இசைக்குப் போவது அன்றைய கறுப்பினக் குடும்பங்களில் எளிதாக ஏற்றுக்கொள்ளப்பட்ட காரியமன்று. எடியின் வாழ்வில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய முதல் புளூஸ் இசைத்தட்டை வெளியிட்டவரே அந்தப் பாதிரியார்தான். ஹூஸ்டன் ஹாரிங்டன் 'அட்டாமிக் எச்' என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தினார். அதில் 1958-இல் 'ஹில் பில்லி புளூஸ்' வெளிவந்தது. மௌத் ஆர்கன் கலைஞரான கேரி பெல்லும் மேக்கனில் பிறந்தவர், எடியின் நெருங்கிய உறவினர்; அவரும் பின்னர் சிக்காகோ புளூஸில் பெரும்பெயர் பெற்றார். ஒரு சிற்றூர்க் குடும்பம் ஒரு பெருநகரத்தின் இசைக்கு இத்தனை பேரைக் கொடுத்திருக்கிறது.

இடது கையால் வாசிப்பதில் அப்படி என்ன தனித்தன்மை இருக்கிறது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமையாக விடை சொல்ல வேண்டும், ஏனெனில் இடது கைக் கலைஞர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வாசிப்பவர்கள் அல்லர்.

வலது கைக்காரர் கிட்டாரை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால், அவர் முகத்துக்கு அருகில் இருப்பது ஆகத் தடித்த தந்தி. தரைப்பக்கம் இருப்பது ஆக மெல்லிய தந்தி. இடது கை மூங்கில் போல் நீண்ட கழுத்தைப் பற்றித் தந்திகளை அழுத்தும். வலது கை மீட்டும். இடது கைப் பழக்கம் உள்ளவருக்கு மூன்று வழிகள் உண்டு. இடது கைக்கென்றே செய்த கிட்டாரை வாங்கலாம். ஆனால் ஐம்பதுகளில் ஓர் ஏழைச் சிறுவனுக்கு அது எட்டாக்கனி. வலது கைக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, தந்திகளையெல்லாம் கழற்றி வரிசை மாற்றிக் கட்டலாம். மூன்றாவது வழி, கிட்டாரை அப்படியே கவிழ்த்துப் பிடித்து, தந்திகளைத் தொடாமல் விட்டுவிடுவது. கிளியர்வாட்டர் மூன்றாவது வழியில் போனவர். கையில் கிடைத்த கிட்டாரை, கிடைத்தபடியே எடுத்துப் பழகிய ஒருவருக்கு அதுவே இயல்பான வழி.

அப்படிக் கவிழ்த்ததும் உலகமே தலைகீழாகிவிடுகிறது. மெல்லிய தந்தி முகத்துக்கு அருகே வந்துவிடும். தடித்த தந்தி தரைப்பக்கம் போய்விடும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகிகள், வழக்கமாக மீட்டும் கைக்குக் கீழே இருப்பவை, மேலே ஏறி முழங்கைக்கு அடியில் வந்து இடிக்கும். பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் 'கார்டு'களுக்காகப் புத்தகத்தில் அச்சிட்ட படங்கள் ஒன்றும் உதவாது. எந்த விரலை எங்கே வைப்பது என்பதை ஒவ்வொன்றாகத் தாமே கண்டுபிடிக்க வேண்டும். மீட்டும் கை மேலிருந்து கீழே இறங்கும்போது மற்றவர்களுக்கு முதலில் அதிர்வது மந்தர சுரம். இவருக்கு முதலில் அதிர்வது உச்ச சுரம். ஒரே கார்டுதான், ஆனால் காதில் விழும் வரிசை வேறு.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, தந்தியை வளைக்கும் முறை. புளூஸ் கிட்டாரின் உயிர் அதில்தான் இருக்கிறது. சுரத்தை அழுத்திய விரலால் தந்தியைப் பக்கவாட்டில் நெருக்கினால் சுரம் மெல்ல மேலேறி, மனிதக் குரல் விம்முவது போன்ற ஓர் ஒலி வருகிறது. வலது கைக்காரர் மெல்லிய தந்தியை மேல்நோக்கித் தள்ளி வளைக்கிறார். கவிழ்த்த கிட்டாரில் அந்த மெல்லிய தந்தி மேலே இருப்பதால், அதைத் தம் உள்ளங்கையை நோக்கிக் கீழே இழுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் கையை இப்போதே முகத்துக்கு நேரே நீட்டிப் பாருங்கள்: விரல்களை விரித்துத் தள்ளுவதற்கும், முஷ்டியாக மடக்கி இழுப்பதற்கும் உள்ள வலு வேறுபாடு உடனே புரியும். வாளித் தண்ணீரைத் தூக்கும் தசைகள் எவையோ, அவையே அந்த இழுப்பைச் செய்கின்றன. அதனால் சுரம் வழுக்கி ஏறும் வேகம், உச்சியில் நின்று அதிரும் விதம், இறங்கி வரும் சாயல், எல்லாமே சற்று மாறுகின்றன. வலது கைக் கலைஞர் அதே சுரங்களைக் குறிப்பெடுத்து அப்படியே வாசித்தாலும் அந்த ஒலி முழுமையாகக் கைகூடுவதில்லை என்பது பலரும் முயன்று உணர்ந்த அனுபவம்.

ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் இப்படித்தானே வாசித்தார்?

அவர் கிட்டாரைக் கவிழ்த்தது உண்மை. ஆனால் தந்திகளை வரிசை மாற்றிக் கட்டிக்கொண்டார். ஆகவே தடித்த தந்தி வழக்கம் போல் மேலேயே இருந்தது. அவர் இரண்டாவது வழிக்காரர். கிளியர்வாட்டருடன் ஒரே வரிசையில் வைக்க வேண்டியவர்கள் புளூஸ் கிட்டார் கலைஞர்களான ஆல்பர்ட் கிங்கும் ஓட்டிஸ் ரஷ்ஷும். மூவரும் மெல்லிய தந்தியை மேலே வைத்து, கீழ்நோக்கி இழுத்து வளைத்தவர்கள். மூவரும் மிசிசிப்பியில் பிறந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அவர் வாசித்தது எந்தப் பாணி? 'வெஸ்ட் சைட்' என்கிறார்களே, அது என்ன?

சிக்காகோவின் தெற்குப் பகுதியில் மடி வாட்டர்ஸின் தலைமுறை வளர்த்த புளூஸ், கிராமத்து இசைக்கு மின்சாரம் பாய்ச்சிய இசை: மௌத் ஆர்கன், பியானோ, இரண்டு கிட்டார், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு கனத்த கூட்டொலி. ஐம்பதுகளின் பிற்பகுதியில், நகரின் மேற்குப் பகுதியிலிருந்த சிறு விடுதிகளில் வேறொரு பாணி பிறந்தது. இடம் சிறியது, கூலி குறைவு, ஆகவே குழுவும் சிறியது. ஒரே ஒரு கிட்டார்க்காரர் தாளத்தையும் சுமந்து, தனி வாசிப்பையும் செய்து, நடுவே பாடவும் வேண்டும். அந்தக் கட்டாயமே பாணியாகிவிட்டது. பி. பி. கிங் என்ற புளூஸ் கலைஞரின் குரல் போன்ற தந்தி வளைவுகளை இந்த இளைஞர்கள் எடுத்துக்கொண்டு, மைனர் சுருதியின் சோகத்தையும் லத்தீன் அமெரிக்கத் தாளங்களின் அசைவையும் அதனோடு கலந்தார்கள். ஓட்டிஸ் ரஷ், மேஜிக் சாம், படி கை ஆகிய மூன்று பெயர்களும் இந்தப் பாணிக்கு அடையாளமாகச் சொல்லப்படுகின்றன. நான்காவதாகக் கிளியர்வாட்டரின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

அவருடைய தொடக்ககாலப் பாடலான 'ஏ மைனர் சா சா' இதற்கு நல்ல சான்று. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது: மைனர் சுருதி, சா சா என்ற லத்தீன் அமெரிக்கத் தாளம். உடல் ஆட விரும்பும் தாளத்தின் மேல் மனம் கனக்கும் சுரங்கள் நகர்ந்து போகின்றன. அந்த முரண்தான் மேற்குப் பகுதி புளூஸின் சாரம் என்று நினைக்கிறேன்.

அவர் ராக் அண்ட் ரோல் முன்னோடி சக் பெரியின் நகல் என்று சொல்கிறார்களே?

இந்தப் பழி அவரை நெடுங்காலம் துரத்தியது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் சக் பெரியின் இசைத்தட்டுகளைக் கேட்டு அவர் சொக்கிப் போனார் என்பது உண்மை. இரண்டு தந்திகளை ஒன்றாக அழுத்தி மணியடிப்பது போல் தொடங்கும் அந்த முன்னுரை வாசிப்பும், ரயில் ஓடுவது போன்ற தாளமும் அவருடைய கைக்கு வந்துவிட்டன. விடுதிகளில் கூட்டம் சக் பெரியைக் கேட்டது, இவர் கொடுத்தார். அதற்காக நகல் என்று ஒதுக்குவது சரியன்று.

இதை இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும். சக் பெரி செய்ததே ஒரு கலப்புதான்: வெள்ளையரின் நாட்டுப்புற இசையையும் கறுப்பினத்தவரின் புளூஸையும் ஒன்றாகப் பிசைந்தார். தென்மாநிலத்தில் பிறந்த சிறுவன் ஒருவன் இந்த இரண்டையும் காதில் வாங்கித்தான் வளர்ந்தான். எடியின் முதல் இசைத்தட்டின் தலைப்பையே பாருங்கள். 'ஹில் பில்லி' என்பது வெள்ளை மலைவாசிகளைக் குறிக்கும் சொல், 'புளூஸ்' கறுப்பினத்தவரின் இசை. இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சக் பெரியிடம் அவர் கண்டது தமக்குள் ஏற்கெனவே இருந்த ஒன்றைத்தான். பிற்காலத்தில் தம்முடைய இசைக்கு 'ராக்-அ-புளூஸ்' என்று அவரே பெயர் வைத்தார். ஒரே நிகழ்ச்சியில் ராக் அண்ட் ரோல் வாசித்துக் கூட்டத்தை எழுப்பிவிட்டு, அடுத்த பாட்டிலேயே ஓட்டிஸ் ரஷ்ஷின் உலகத்துக்குள் இறங்கி மெதுவான மைனர் புளூஸில் அரங்கை அடக்கிவிடக்கூடியவர் அவர். சக் பெரியின் நகலால் அது முடியாது.

சிக்காகோவுக்கு வந்து முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் முதல் புகழ்பெற்ற ஆல்பம் வந்ததாமே? ஏன் அவ்வளவு தாமதம்?

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் புளூஸ் என்பது ஒற்றைப் பாடல் இசைத்தட்டுகளின் தொழில். ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு வீதம் இரண்டே பாட்டுகள் கொண்ட தட்டு. அது விடுதியின் ஜூக்பாக்ஸிலும் உள்ளூர் வானொலியிலும் ஓடினால் அடுத்த தட்டு, இல்லையென்றால் காத்திருப்பு. அட்டாமிக் எச் போன்ற வீட்டுத் தொழில் நிறுவனங்களுக்கு நாடு முழுவதும் கொண்டுபோய் விற்கும் வலு இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் ஃபெடரல் நிறுவனத்துக்கும் சில பாடல்கள் பதிவு செய்தார். அவையும் பெரிதாக ஓடவில்லை. அதே வேளையில் கறுப்பின இளைஞர்களின் காது காஸ்பலும் புளூஸும் கலந்த சோல் இசைக்குத் திரும்பியிருந்தது.

அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம், கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே போனது. எழுபதுகளில் சிக்காகோவின் வடக்குப் பகுதி விடுதிகளில், பெரும்பாலும் வெள்ளையின மாணவர்கள் நிறைந்த அவைகளில், அவர் பெயர் பரவியது. ராக் அண்ட் ரோலும் புளூஸும் கலந்த அவருடைய கை அந்தக் கூட்டத்துக்கு உடனே பிடித்துப்போனது. எழுபதுகளின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் வாசித்தார். 1977-இல் ரால்ஃப் பாஸ் என்ற மூத்த தயாரிப்பாளர் அவரை வைத்து ஓர் ஆல்பத்தையே பதிவு செய்தார். 'பூகி மை புளூஸ் அவே' என்ற அந்தப் பதிவை டெல்மார்க் நிறுவனம் 1995-இல்தான் வெளியிட்டது. பதினெட்டு ஆண்டுகள் கிடப்பில் கிடந்த ஆல்பம்! புளூஸ் கலைஞர்களின் வாழ்க்கையில் இத்தகைய காத்திருப்புகள் எவ்வளவு இயல்பாகிவிட்டிருந்தன என்பதை நினைக்கும்போது மனம் கசக்கிறது.

1980-இல் 'லிவிங் புளூஸ்' இதழை நடத்திய ஜிம் ஓ'நீலும் ஏமி வான் சிங்கெலும் தொடங்கிய 'ரூஸ்டர் புளூஸ்' நிறுவனம், 'தி சீஃப்' என்ற அவருடைய ஆல்பத்தை வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது 45. அந்த ஒரு தட்டுதான் அவரை உள்ளூர் விடுதிக் கலைஞர் என்ற நிலையிலிருந்து உலக புளூஸ் ரசிகர்கள் அறிந்த பெயராக மாற்றியது.

'தி சீஃப்' என்ற பட்டமும் அந்த இறகுத் தலையணியும் எங்கிருந்து வந்தன?

'சீஃப்' என்றால் பழங்குடித் தலைவர். கிளியர்வாட்டரின் பாட்டி செரோக்கி இனத்தைச் சேர்ந்தவர். அந்த வழியைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே அவர் மேடையில் இறகுத் தலையணியை அணிந்தார். ஒரு விடுதி மேடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: கூரை தாழ்ந்தது, புகை மண்டிய அரங்கு, முன்வரிசை மேசைகள் மேடையை முட்டிக்கொண்டு நிற்கின்றன. அதில் ஓர் உயரமான மனிதர் தோள்வரை விரியும் இறகுகளோடு வந்து, எல்லோருக்கும் எதிர்ப்பக்கமாகக் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றால், முதல் சுரம் எழும் முன்பே அரங்கு அவர் கையில் வந்துவிடும். பின்னாளில் பகட்டான தொப்பிகளும் பளபளக்கும் உடைகளும் அவருடைய அடையாளமாயின.

கறுப்பின மேடைக் கலையில் இந்தப் பகட்டுக்கு நீண்ட மரபு இருக்கிறது. வாரம் முழுவதும் தொழிற்சாலையிலும் சமையலறையிலும் உழைத்துவிட்டு சனிக்கிழமை இரவில் காசு கொடுத்து வருபவர்கள் காதுக்கு மட்டுமல்ல, கண்ணுக்கும் விருந்து எதிர்பார்த்தார்கள். அதைக் கொடுப்பது கலைஞரின் கடமையாகக் கருதப்பட்டது. கிளியர்வாட்டரின் ஆடையலங்காரத்தை அந்த மரியாதையின் ஒரு பகுதியாகவே நான் பார்க்கிறேன்.

ஆனால் பழங்குடியினரின் தலையணியை மேடை அலங்காரமாக்குவது தவறில்லையா?

இன்று இந்தக் கேள்வி எழுவது இயல்பு, எழுவதும் நல்லது. அந்த நீண்ட இறகுத் தலையணி அமெரிக்காவின் நடுச் சமவெளிகளில் வாழ்ந்த லக்கோட்டா, செயேன் போன்ற இனங்களுக்கு உரியது. அவர்களிடையே ஒவ்வோர் இறகும் ஒரு செயலால் ஈட்டப்பட வேண்டிய மதிப்பு. கடையில் வாங்கிச் சூடும் பொருளன்று. செரோக்கியர் தென்கிழக்கு நிலத்தவர். அவர்களுடைய மரபுடை வேறு. எனவே பாட்டியின் வழி உரிமையைக் கொண்டு மட்டும் அந்தத் தலையணியை நியாயப்படுத்த முடியாது. அவர் அணிந்தது, திரைப்படங்களும் விளம்பரங்களும் எல்லா இனங்களுக்கும் பொதுவாகப் பரப்பிவிட்ட ஒரு வடிவத்தைத்தான்.

இதைச் சொல்லும்போதே, அவர் அந்த மக்களைக் கேலிப்பொருளாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2000-இல் வெளிவந்த தம் ஆல்பத்துக்கு 'ரிசர்வேஷன் புளூஸ்' என்று பெயரிட்டார். அமெரிக்க அரசு பழங்குடியினரை ஒதுக்கிக் குடியமர்த்திய நிலப்பகுதிகளைக் குறிக்கும் சொல் அது. கறுப்பினத்தவரின் துயர இசைக்குப் பெயரான 'புளூஸ்' என்பதை அந்தச் சொல்லோடு சேர்த்ததில், தம் குருதியில் கலந்த இரு மக்களின் இழப்பையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்துவிட்டார். பின்னர் சிக்காகோவின் விக்கர் பார்க் பகுதியில் அவர் நடத்திய இசை விடுதிக்கும் அதே பெயரையே வைத்தார். அந்தத் தலையணி இன்று ஓர் இளம் கலைஞருக்கு உகந்த முன்மாதிரி அன்று என்பதே என் கருத்து. ஆனால் அதைக் காரணம் காட்டி அவருடைய இசையைத் தள்ளிவைப்பதை ஏற்க மாட்டேன்.

புதிதாகக் கேட்பவர் எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

'தி சீஃப்' ஆல்பத்தில் தொடங்குங்கள், தயங்க வேண்டாம். 'ஃபைண்ட் யூ எ ஜாப்', 'பேட் டிரீம்', 'ஐ வுடன்ட் லே மை கிட்டார் டவுன்' ஆகிய பாடல்கள் அதில் உள்ளன. முதல் கேட்பில் பாட்டோடு போய்விடுங்கள். இரண்டாம் முறை கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். மெல்லிய தந்தியை அவர் உள்ளங்கை நோக்கி இழுக்கும் இடங்கள் தாமாகவே காதில் பிடிபடத் தொடங்கும்.

அடுத்து 1986-இல் வந்த 'ஃபிளிம்டூசி'. அதில் ஓட்டிஸ் ரஷ் விருந்தினராக வாசிக்கிறார். தலைகீழ்க் கிட்டார்க்காரர்கள் இருவர் ஒரே ஆல்பத்தில் சேர்வது அடிக்கடி கிடைக்கும் வாய்ப்பன்று. 1992-இன் 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' பிளைண்ட் பிக் நிறுவனத்தின் வெளியீடு. டியூக் ரோபிலார்ட் தயாரித்த 'கூல் புளூஸ் வாக்', 'ரிசர்வேஷன் புளூஸ்' இரண்டிலும் ஒலிப்பதிவு நேர்த்தியானது. நல்ல ஹெட்போன் உள்ளவர்கள் இவற்றில் தொடங்கினாலும் பழுதில்லை. 2008-இல் அலிகேட்டர் நிறுவனம் வெளியிட்ட 'வெஸ்ட் சைட் ஸ்ட்ரட்' ஆல்பத்தை ரோனி பேக்கர் புரூக்ஸ் தயாரித்தார். அவருடைய தந்தை லோனி புரூக்ஸ், பில்லி பிராஞ்ச், ஜிம்மி ஜான்சன், ஓட்டிஸ் கிளே என்று சிக்காகோவின் மூத்த கலைஞர்கள் திரண்டு வந்து அதில் பங்கேற்றிருக்கிறார்கள். எழுபதைக் கடந்தவரின் குரல் என்று நம்ப முடியாத தெம்பு அதில் இருக்கிறது.

முகமூடிக் குழுவோடு அவர் சேர்ந்து வாசித்த ஆல்பம் எது?

2003-இல் வெளிவந்த 'ராக் அண்ட் ரோல் சிட்டி'. நாஷ்வில்லைச் சேர்ந்த 'லோஸ் ஸ்ட்ரெய்ட்ஜாக்கெட்ஸ்' என்ற வாத்திய இசைக் குழுவினர் மெக்சிகோ மல்யுத்த வீரர்களின் முகமூடியை அணிந்து மேடையேறுபவர்கள். அலங்காரப் பிரியரான கிளியர்வாட்டருக்கு இவர்களை விடப் பொருத்தமான கூட்டாளிகள் அமைந்திருக்க முடியாது. பார்வைக்கு விளையாட்டாகத் தோன்றினாலும், ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் ஒலியை அந்தக் குழு நுணுக்கமாக அறிந்திருந்தது. அந்த ஆல்பம் சிறந்த மரபு புளூஸ் ஆல்பத்துக்கான கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

வேறு என்ன விருதுகள் பெற்றார்?

2001-இல், புளூஸ் உலகில் மிக மதிக்கப்பட்ட டபிள்யூ. சி. ஹேண்டி விருதுகளில், சமகால புளூஸின் சிறந்த ஆண் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. 2016-இல் புளூஸ் புகழரங்கில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது.

கிட்டார் பழகும் இடது கைப் பிள்ளைகள் அவரைப் போல் கவிழ்த்து வாசிக்கலாமா?

பெற்றோர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. பொதுவாகச் சொன்னால், இன்று இடது கைக் கிட்டார்கள் நியாயமான விலையில் கிடைப்பதால், அதில் தொடங்குவதே எளிது. ஆசிரியரும் பாடப்புத்தகமும் காட்டுவதைக் கண்ணாடியில் பார்ப்பது போல் அப்படியே பின்பற்றலாம். கவிழ்த்து வாசிப்பவர் தனி வழி போகிறார். விரலமைப்புகளைத் தாமே வகுக்க வேண்டும், சில கார்டுகள் கைக்கு வரவே வராது, அவற்றுக்கு மாற்று தேட வேண்டும். ஆனால் பிள்ளை வீட்டில் கிடந்த கிட்டாரை ஏற்கெனவே தானாகத் திருப்பிப் பிடித்து ஒரு பாட்டை வாசித்துக் கொண்டிருந்தால், கையைப் பிடித்து நேராக்கிவிட அவசரப்படாதீர்கள். பர்மிங்காமில் ஒரு சிறுவனை யாரும் அப்படித் திருத்தவில்லை.

வலது கைக்காரர்களும் இவரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். மெல்லிய தந்தியை மேலே தள்ளுவதற்குப் பதிலாக, இரண்டாம் அல்லது மூன்றாம் தந்தியில் சுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்து வளைத்துப் பாருங்கள். முதலில் விரல் நழுவும், பக்கத்துத் தந்தி உரசிச் சத்தம் போடும். சில நாட்கள் விடாமல் முயன்றால், அந்த இழுப்பின் சாயல் கொஞ்சம் வசப்படும்.

கடைசி ஆண்டுகளில் வாசித்தாரா?

வாசித்தார். 2014-இல் வெளிவந்த 'சோல் ஃபங்கி' சிக்காகோவை அடுத்த எவன்ஸ்டனில் நேரடியாக நடந்த கச்சேரியின் பதிவு. எண்பது வயதை நெருங்கிய அந்த மனிதர் அதில் மூச்சு வாங்காமல் பாடுகிறார். இதயம் செயலிழந்ததால் 2018 ஜூன் மாதம் முதல் தேதி காலமானார். அதே ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி ஓட்டிஸ் ரஷ்ஷும் மறைந்தார். மிசிசிப்பியில் பிறந்து, சிக்காகோவின் மேற்குப் பகுதியில் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வளர்ந்த இருவரும் நான்கு மாத இடைவெளிக்குள் போய்விட்டார்கள்.